நாலில் ஒரு மோட்டார் மட்டும் திக்கினால்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டை மாடியில், ஐந்து அங்குல இறக்கை (ப்ரொப்பெல்லர்) பூட்டும் என் ட்ரோனை வைத்து ஆர்ம் செய்தேன், அதாவது மோட்டார்களைச் சுற்றவிட்டேன். மூன்று மோட்டார்கள் சுற்றின. பின்பக்க இடது மோட்டார் மட்டும் சுற்ற மறுத்தது. 'டிக்… டிக்… கிர்ர்' என்று துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. மோட்டார் போச்சு என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் நன்றாகப் பறந்தது. மூன்றாம் நாள் அதே இடம், அதே துடிப்பு.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதற்குக் கடைசியில் வருகிறேன். இப்படி மாட்டிக்கொள்ளும் எல்லோரும் முதலில் செய்வது உதிரிபாகம் வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் ட்ரோனில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே மாதிரி மோட்டார் நாலு, அவற்றை ஓட்டும் ஒரே மாதிரி சர்க்யூட் நாலு. ஒன்று கெட்டால் மற்ற மூன்றும் பக்கத்திலேயே சாட்சிக்கு நிற்கின்றன. அந்தச் சாட்சிகளை விசாரிக்க உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

தோட்டத்து மோட்டாரின் தம்பி

தோட்டத்தில் த்ரீ பேஸ் மோட்டார் ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ட்ரோன் மோட்டார் பாதி தெரிந்த சங்கதிதான். புதுசாக மாட்டிய மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் போட்டுவிட்டுப் போவார். ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் சுற்றாமல் உறுமும். கவனிக்காமல் விட்டால் காயில் கருகும். சிங்கிள் பேஸிங் என்று சொல்வார்களே, அதுதான். ட்ரோன் மோட்டாரிலும் மூன்று ஒயர். இரண்டை மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒன்று விட்டுப்போனால் சுற்றாமல் துடிக்கும்.

வித்தியாசம், இதில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது, அதுவும் வெளியே. நடுவில் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் செம்புக் கம்பி சுற்றியிருப்பார்கள். அதன் மேல் கவிழ்த்த கிண்ணம் போன்ற பெல். பெல்லின் உள்சுவரில் நியோடிமியம் காந்தங்கள். சுற்றுவது பெல்தான். பிரஷ் எதுவும் உரசுவதில்லை என்பதால் பிரஷ்லெஸ் மோட்டார் என்று பெயர். ஐந்து அங்குல ட்ரோன் மோட்டார்களில் பெரும்பாலும் 12 காயில், 14 காந்தம். மோட்டார் மேல் 2207 என்று எழுதியிருந்தால் ஸ்டேட்டரின் விட்டம் 22 மி.மீ., உயரம் 7 மி.மீ.

பேட்டரியிலிருந்து வருவது நேர்மின்சாரம். அதை மூன்று பேஸாக வெட்டிக் கொடுப்பது இ.எஸ்.சி. எனப்படும் சிறு பலகை. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஆறு மாஸ்ஃபெட், அதாவது ஆறு மின்சுவிட்சுகள். ஒரு ஒயருக்கு இரண்டு: ஒன்று அதைப் பேட்டரியின் பிளஸ்ஸோடு சேர்க்கும், இன்னொன்று மைனஸோடு சேர்க்கும். எந்தக் கணத்திலும் ஒரு ஒயர் பிளஸ், ஒரு ஒயர் மைனஸ், மூன்றாவது சும்மா. அந்தச் சும்மா இருக்கும் ஒயர்தான் ஒற்றன். காந்தம் கடக்கும்போது அதில் ஒரு சிறு வோல்ட்டேஜ் பிறக்கிறது. அதைப் பார்த்துத்தான் 'பெல் இப்போது இந்த இடத்தில் இருக்கிறது, அடுத்த சுவிட்சைப் போடு' என்று இ.எஸ்.சி. முடிவு செய்கிறது.

எவ்வளவு வேகத்தில் என்று ஒரு கணக்கு. 14 காந்தம் என்றால் ஏழு ஜோடி. பெல் ஒருமுறை சுற்ற ஏழு மின்சுழற்சி, ஒவ்வொன்றிலும் ஆறு மாற்றம், ஆக 42. நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 500 சுற்று. 42-ஐ 500-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 21,000 மாற்றங்கள். வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 சுழற்சி. இங்கே 3,500.

இதில் துப்பறிய ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் காந்தம் நகரவில்லை, எனவே வோல்ட்டேஜும் பிறக்கவில்லை. கிளம்பும் நேரத்தில் இ.எஸ்.சி.க்குக் கண் தெரியாது. குத்துமதிப்பாக ஒரு உதை உதைத்துத்தான் பெல்லை நகர்த்துகிறது. அதனால்தான் ஒயர் விட்டது, சால்டர் பிடிக்காதது, காயில் கெட்டது எல்லாமே கிளம்பும்போது துடிப்பாக முதலில் வெளியே வருகிறது.

(இரண்டே ஒயர் உள்ள சின்ன மோட்டார் வைத்த பொம்மை ட்ரோன்கள் வேறு ஜாதி. அவற்றில் பிரஷ் உண்டு, அது தேயும். தேய்ந்தால் மோட்டாரை மாற்றுவது தவிர வழியில்லை. அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.)

காது, விரல், அப்புறம் மீட்டர்

எதையும் தொடுவதற்கு முன் இறக்கைகளைக் கழற்றுங்கள். நாலையும். 'ஒரு நிமிஷ வேலைதானே' என்று இறக்கையோடு மேஜையில் பேட்டரி மாட்டியவர்களின் விரலில் தையல் தழும்பு இருக்கும்.

இப்போது பேட்டரியை மாட்டிக் காது கொடுத்துக் கேளுங்கள். பரவலாக இருக்கும், பி.எல்.ஹெலி என்ற மென்பொருளில் ஓடும் வகை இ.எஸ்.சி.கள் முதலில் மூன்று பீப் அடிக்கும். சற்றுப் பொறுத்துத் தாழ்ந்த சுருதியில் ஒன்று, உயர்ந்த சுருதியில் ஒன்று. ட்ரோனில் இதற்கென ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. மோட்டாரின் காயிலையே அதிரவைத்து இ.எஸ்.சி. பாடுகிறது. முதல் மூன்று பீப் வந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். அடுத்த இரண்டும் வந்தால், ட்ரோனின் மூளையான ஃபிளைட் கன்ட்ரோலரின் கட்டளை வந்து சேர்ந்துவிட்டது. மூன்றோடு நின்றுவிட்டால் மோட்டாரைத் திட்டாதீர்கள், சிக்னல் ஒயரைப் பாருங்கள். ஒரு மோட்டார் மட்டும் மௌனமாக இருந்தால் அதை விரலால் தொட்டுப் பாருங்கள். நாலும் சேர்ந்து பாடும்போது எது பாடவில்லை என்பது காதைவிட விரலுக்குச் சீக்கிரம் தெரியும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஒரு கருவியும் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு நாலு மோட்டாரையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றுங்கள். காந்தம் இழுப்பதால் படிப்படியாக 'டக் டக்' என்று சுற்றும், அது சகஜம். நாலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் பிரேக் போட்டது போல் இறுக்கமாக இருந்தால் எங்கோ ஷார்ட். அந்த மோட்டாரின் மூன்று ஒயரையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். இறுக்கம் போய்விட்டால் குற்றவாளி இ.எஸ்.சி. போகவில்லை என்றால் மோட்டார். ஒன்று மட்டும் நரநரவென்று சுற்றினால் பேரிங், அல்லது உள்ளே மண். கடற்கரையில் விழுந்த ட்ரோன் என்றால் கருமணல் காந்தத்தில் அப்பிக்கொண்டிருக்கும். ஊதினால் போகாது, பசையுள்ள டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கழற்றிய மோட்டாரில் இன்னொன்று செய்யலாம். மூன்று ஒயர்களில் இரண்டை மட்டும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பிடித்துக்கொண்டு பெல்லைச் சுற்றுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல் கனமாக இருக்கும். மோட்டார் அந்த நேரத்தில் ஜெனரேட்டர், நீங்கள் அதை ஷார்ட் செய்திருக்கிறீர்கள். இப்படி மூன்று ஜோடியையும் பாருங்கள். மூன்றிலும் ஒரே கனம் இருக்க வேண்டும். ஒரு ஜோடியிலோ இரண்டிலோ லேசாக இருந்தால் காயில் எங்கோ அறுந்திருக்கிறது. காயிலின் ஓமை மீட்டரில் அளந்து கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். இந்தக் காயில்களின் மின்தடை ஓமில் நூறில் சில பங்குதான். கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் தன் சொந்த ஒயரின் தடையைத்தான் காட்டும். இந்த இடத்தில் விரல் மீட்டரைவிடக் கெட்டி.

மீட்டர் பயன்படும் இடம் இ.எஸ்.சி. மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். பேட்டரி இல்லாமல், மீட்டரைப் பீப் அடிக்கும் கன்டின்யூட்டி நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் பிடித்து, மறுமுனையால் மோட்டார் ஒயர் சேரும் மூன்று பேட்களையும் தொடுங்கள். பிறகு பிளஸ்ஸில் பிடித்து அதே மூன்று. எங்கேயும் பீப் விடாமல் அடிக்கக் கூடாது. நாலு மோட்டாருக்கும் சேர்த்து 24 தொடல், ஐந்து நிமிடம். மோட்டார் மாட்டியிருந்தால் காயில் வழியாக மூன்று பேடும் ஒன்றாகிவிடும், மூன்றும் சேர்ந்து பீப் அடிக்கும். எது செத்தது என்று தனித்தனியாகத் தெரிய ஒயரை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லையா? இடம் மாற்றுங்கள். திக்கும் மோட்டாரை, மோட்டார் நன்றாக ஓடும் இன்னொரு கைக்கு (ட்ரோனின் நாலு மூலைக்கும் நீளும் கம்புகளுக்குக் கை என்று பெயர்) மாற்றி, அங்கிருப்பதை இங்கே கொண்டுவாருங்கள். திக்கல் மோட்டாரோடு போனால் மோட்டார். அதே மூலையில் தங்கிவிட்டால் இ.எஸ்.சி. ஆறு ஒயர் சால்டர் செய்ய வேண்டும், சோம்பலாகத்தான் இருக்கும். செலவு இல்லை.

பழுதே இல்லாத பழுதுகளும் உண்டு. இறக்கை இல்லாமல் ஆர்ம் செய்து த்ராட்டிலை லேசாக ஏற்றினால் மோட்டார்கள் தாமாகவே வேகம் கூடிக்கொண்டே போகும். புதியவர்கள் பதறிவிடுவார்கள். ட்ரோன் அசையவில்லையே என்று ஃபிளைட் கன்ட்ரோலர் மேலும் மேலும் முயல்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, கிளப்பிய கணமே ட்ரோன் குப்புற விழுவது. இதில் மோட்டார் ஒரு பாவமும் அறியாது. ஃபிளைட் கன்ட்ரோலரில் ஓடும் பீட்டாஃபிளைட் மென்பொருளில் மோட்டார் எண்கள் பின் வலது 1, முன் வலது 2, பின் இடது 3, முன் இடது 4. வழக்கமான அமைப்பில் 1-ம் 4-ம் கடிகாரத் திசையில், 2-ம் 3-ம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். எண் மாறியிருக்கும், திசை மாறியிருக்கும், அல்லது இறக்கையைத் தப்பான மோட்டாரில் மாட்டியிருப்பீர்கள். திசை மாற்ற இப்போதெல்லாம் ஒயரைக் கூடத் தொட வேண்டாம், மென்பொருளிலேயே திருப்பிவிடலாம்.

கே.வி. என்றால் கிலோவோல்ட் இல்லை

சரி செய்யத் தெரிந்ததும் அடுத்த ஆசை, மாற்றிப் பார்ப்பது. பெரும்பாலானவர்கள் கை வைப்பது பேட்டரியில். 4எஸ் என்றால் நாலு செல் தொடராகக் கோத்த பேட்டரி, 6எஸ் என்றால் ஆறு செல். '4எஸ் ஓடுகிறது, 6எஸ் போட்டால் பறக்குமே!' பறக்கும். எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

மோட்டாரில் 2400 கே.வி. என்று எழுதியிருப்பது மின்வாரியத்தின் கே.வி. இல்லை. சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண். முழுதாகச் சார்ஜான 4எஸ் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 16.8 வோல்ட். 2400-ஐ 16.8-ஆல் பெருக்கினால் 40,320 சுற்று. அதே மோட்டாரில் 6எஸ், அதாவது 25.2 வோல்ட் கொடுத்தால் 60,480. வேகம் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் இறக்கை காற்றைத் தள்ள எடுக்கும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஒன்றரையை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 3.4 மடங்கு. அந்தச் சக்தியைக் கொடுக்கப்போய் காயிலும் மாஸ்ஃபெட்டும் கொதிக்கும். சாதாரண வகை நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும், ஆறினாலும் முழுதாகத் திரும்பி வராது.

அதனால்தான் 6எஸ்ஸுக்கு மாறுபவர்கள் 1700, 1800 கே.வி. மோட்டார் போடுகிறார்கள். 1750-ஐ 25.2-ஆல் பெருக்கினால் 44,100, பழைய வேகத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு 6எஸ்? வெளியூருக்குக் கரண்ட் கொண்டுபோக ஏன் 110 கிலோவோல்ட் லைன் இழுக்கிறார்கள், அதே காரணம்தான். 400 வாட் வேண்டும் என்றால் 16 வோல்ட்டில் 25 ஆம்பியர் ஓட வேண்டும், 24 வோல்ட்டில் 17-க்கும் கீழே. ஒயரின் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பேட்டரி முடியும் தறுவாயிலும் வோல்ட்டேஜ் அவ்வளவாகத் தொய்யாது.

எதை மாற்றினாலும், ஒரு நிமிடம் மட்டும் பறக்கவிட்டு இறக்கி மோட்டாரைத் தொடுங்கள். விரலை வைத்து மூன்று எண்ண முடிந்தால் பரவாயில்லை. வெடுக்கென்று எடுக்க வேண்டியிருந்தால் இறக்கை பெரிது, அல்லது கே.வி. அதிகம், அல்லது ட்யூனிங் சரியில்லை.

என்னைக் கேட்டால், புதியவர் செய்யக்கூடிய உருப்படியான முதல் மாற்றம் ஒரு கெப்பாசிட்டர். நாம் கண்டென்சர் என்று ஃபேனுக்கு மாற்றுவோமே, அது இதற்கு ஆகாது. லோ ஈ.எஸ்.ஆர்., அதாவது உள்தடை குறைந்த வகை எலக்ட்ரோலைட்டிக் வேண்டும். 4எஸ்ஸுக்கு 35 வோல்ட், 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட். 6எஸ்ஸுக்கு 50 வோல்ட் இருந்தால் நிம்மதி. த்ராட்டிலைச் சட்டென்று இறக்கும்போது இ.எஸ்.சி. பிரேக் போடுகிறது. அப்போது மோட்டார் ஜெனரேட்டராகிக் கரண்டைத் திருப்பித் தள்ளுகிறது. அந்த அலை மாஸ்ஃபெட்டைத் தாக்கும், கேமராப் படத்தில் கோடு கோடாகத் தெரியும். கெப்பாசிட்டர் அதை விழுங்கிக்கொள்கிறது. பேட்டரி ஒயர் பலகையில் சேரும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. பட்டைக் கோடு போட்ட கால் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும்.

அந்த இடத்தில் சால்டர் வைக்கும்போதுதான் வழக்கமான 25 வாட் அயர்ன் காலை வாரும். தடித்த பேட்டரி ஒயர் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். ஈயம் உருகிப் பரவாமல் பாகற்காய் மாதிரி கட்டியாக மேலே உட்கார்ந்துகொள்ளும். பார்க்க ஒட்டியது போலிருக்கும், அடியில் ஒட்டியிருக்காது. 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) உருகுவது 183 டிகிரியில்தான் என்றாலும், 60 வாட்டுக்குக் குறையாத அயர்னை 350 முதல் 400 டிகிரியில் வைத்து, தாராளமாக ஃபிளக்ஸ் தடவி, ஒயரையும் பேடையும் சேர்த்துச் சூடாக்கி அப்புறம் ஈயத்தைக் காட்டுங்கள். தண்ணீர் மாதிரி ஓடிப் பளபளக்க வேண்டும்.

எந்தச் சால்டர் வேலைக்குப் பிறகும் முதல் முறை பேட்டரியை நேரடியாக மாட்டாதீர்கள். பிளஸ் ஒயரில் தொடராக ஒரு கார் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட். 6எஸ் என்றால் லாரிக்குப் போடும் 24 வோல்ட் பல்பு. மாட்டியதும் கெப்பாசிட்டர் நிறையும்போது ஒரு மின்னல் மின்னி மங்கினால் நல்ல சகுனம். பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே கழற்றுங்கள். பல்பு எரிகிறது, பலகை எரியவில்லை. கடையிலும் இதற்கென்று விற்கிறார்கள். ஆனால் மெக்கானிக் கடையில் ஒரு பல்பு வாங்கினாலே வேலை முடிந்தது.

இந்தியாவில் இதையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. எனவே பலர் ஃபிரேம் முதல் மோட்டார் வரை தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கோக்கிறார்கள். கோத்தவருக்கே பழுதும் பார்க்கத் தெரிந்திருந்தால் நல்லது.

இனி என் மொட்டை மாடிக்கு வருவோம். இரண்டாவது மோட்டாரும் திக்கியதும், இந்த முறை ஒழுங்காக இடம் மாற்றிப் பார்த்தேன். திக்கல் மோட்டாரோடு முன்பக்கம் போனது. இ.எஸ்.சி. நிரபராதி. மோட்டார்தான் கெட்டிருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு மோட்டார் ஏன் கெட வேண்டும்? இடம் மாற்றும் சோதனை எது கெட்டது என்று சொல்லும், யார் கெடுத்தது என்று சொல்லாது.

பெல்லைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். காயிலின் அடிப்பக்கம், திருகுத் துளைக்கு நேர் மேலே, கடுகளவுக்கு மினுக்கும் செம்புப் புள்ளி. வார்னிஷ் சுரண்டப்பட்டிருந்தது. துளையில் திருகை முழுக்க ஏற்றி, மீட்டரின் ஒரு முனையைத் திருகிலும் மறுமுனையை மோட்டார் ஒயரிலும் வைத்தேன். பீப்.

இதற்கெல்லாம் ஒரு மாதத்துக்கு முன் ஒரு மோதலில், அந்தப் பின் இடது கையின் அடியில் மோட்டார் திருகுகளோடு சேர்த்து மாட்டியிருந்த பிளாஸ்டிக் காலணி (காப்புத் தகடு) உடைந்துபோயிருந்தது. 2 மி.மீ. கனம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய 10 மி.மீ. திருகுகளையே திரும்ப முறுக்கியிருந்தேன். காலணி தின்றுகொண்டிருந்த அந்த 2 மி.மீ. மோட்டாருக்குள் போய்க் காயிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்த நாள் 8 மி.மீ. திருகு நாலு வாங்கினேன். கடைக்காரர், "நாலுதானா தம்பி, வேறு ஒன்றும் வேண்டாமா?" என்றார். மோட்டாருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கொடுத்தாகிவிட்டது என்று அவரிடம் சொல்லவில்லை.